தலை சாய்க்கிற ஊர்

ஹார்லோ, கனெக்டிகட்
மார்ச் 20, 2022

அன்புள்ள தம்பி காஸிமிர்,

நானும் உன் அத்தானும் சுகம். நீ அங்கே மேரிலாந்தில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை வரைபடங்களையே மென்று விழுங்குகிறாயா? முழங்கால் வலி என்றாயே, அது தேவலையா?

பனி உருகி ஊரே சேறாகிக் கிடக்கிறது. மேப்பிள் மரங்களில் சாறு பிடிக்க வாளி கட்டிவிட்டோம். பாகு காய்ச்சும் கொட்டகையிலிருந்து ஆவி எழுந்து வீட்டைச் சுற்றியே நிற்கிறது. காலையில் கதவைத் திறந்தால் இனிப்பான மேகத்துக்குள் இறங்கிப் போகிற மாதிரி இருக்கிறது. உன் அத்தான் எல்டன் அதற்குள் போய் நின்றால் அரை மணி நேரம் கண்ணில் படமாட்டார்.

ஊர்த் தலைவர் நாற்காலியில் நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டேன். கல்யாணமாகி வந்து நாற்பது வருஷமாகியும் ஹார்லோக்காரர்களுக்கு நான் 'புதுசா வந்த போலந்துப் பொண்ணு'தான். அந்தப் பெண்ணுக்குத்தான் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். எனக்கு வெட்கமே இல்லாத சந்தோஷம், உன்னிடம் மறைப்பானேன். மாதம் ஒருமுறை வட்டார மன்றத்துக்குப் போகிறேன். மலையோர ஊர்த் தலைவர்கள் எல்லாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ரோட்டுக்கும் பாலத்துக்கும் கை தூக்குவோம். நம் சிவப்புப் பாலத்துக்கு அந்தக் கைகளை வாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதாக இல்லை.

அங்கேதான் கேள்விப்பட்டேன், இனி ஜனக் கணக்கெல்லாம் மாவட்டவாரியாக இல்லை, வட்டாரவாரியாகத்தான் என்று. அது உன் மேஜையில் நடக்கிற வேலையாமே. எங்கள் மாடி நடையில் வீட்டின் பழைய சொந்தக்காரர் ஊர் எல்லை தெரிய அடித்துவைத்த பித்தளைப் பட்டை நினைவிருக்கிறதா? அதற்கு மேற்கே ஹார்லோ, கிழக்கே டன்ஸ்டெட். படுக்கையறை ஒரு ஊர், சமையலறை இன்னொரு ஊர் என்று நீ வந்தபோதெல்லாம் சிரிப்பாய். இப்போது என்ன செய்யப் போகிறாய் எங்களை?

தொலைபேசியில் கூப்பிடாதே. கம்பியில் ஒரே இரைச்சல். எழுது.

உன் அக்கா
ஹலினா

---

சூட்லண்ட், மேரிலாந்து
ஏப்ரல் 12, 2022

அன்புள்ள அக்கா,

முழங்கால் தேவலை. வரைபடம் உப்புச் சப்பில்லாமல் இருக்கிறது, நீ அனுப்பிய பாகைத் தொட்டுக்கொண்டு சமாளிக்கிறேன். அத்தானுக்கு என் வணக்கம்.

நீ கேட்டது உண்மைதான். கனெக்டிகட்டில் மாவட்ட ஆட்சி நான் பிறந்த கொஞ்ச நாளிலேயே செத்துப்போயிற்று. ஆனால் யாரும் அதை அடக்கம் செய்யவில்லை. நீங்கள் 'லிட்ச்ஃபீல்ட் மாவட்டம்' என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள், நாங்களும் வருஷா வருஷம் அதற்கு ஜனத்தொகை எழுதிக்கொண்டே வந்தோம். இப்போதுதான் உங்கள் மாநிலம், 'நிஜமாக ஊர்கள் கூடி உட்காருவது திட்ட வட்டாரங்களில்தான், அதையே எழுதுங்கள்' என்கிறது. ராத்திரி கண்ணை மூடினால் பழைய மாவட்டத்தின் நிறம் மெதுவாக வெளுத்து, அடியிலிருந்து புது நிறங்கள் ஈரம் போல ஊறி வருகின்றன. தூக்கத்திலும் வேலை என்று திட்டாதே.

ஹார்லோ வடமேற்கு மலை வட்டாரத்துக்குப் போகிறது, டன்ஸ்டெட் நாகடக் பள்ளத்தாக்கு வட்டாரத்துக்கு. ஆக, உன் நடையில் இருக்கிற பித்தளைப் பட்டைக்கு மவுசு கூடிவிட்டது. இதுவரை இரண்டு ஊரைத்தான் பிரித்தது, இனி இரண்டு வட்டாரத்தையும் பிரிக்கும்.

பயப்படாதே, வீட்டை அறுக்கமாட்டோம். கோடு நடுவில் ஓடினால் உங்கள் பக்கத்து வழக்கம்தான்: ஆள் எங்கே தலை சாய்க்கிறாரோ, அதுவே அவர் ஊர். வரைபடத்தில் உன் வீட்டுப் புள்ளியை வைக்க வேண்டும். படுக்கை மேற்கு அறையில்தானே? 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை எழுதிவிடு.

கோடையில் வருகிறேன்.

தம்பி
காஸிமிர்

---

ஹார்லோ
ஜூன் 19, 2022

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் கடிதத்தை வாசலில் உட்கார்ந்து படித்தேன். பதில் எழுதத்தான் இத்தனை நாளாகிவிட்டது. பாலத்து வேலை, அப்புறம் கரடி. தாயும் இரண்டு குட்டியும் வாரத்துக்கு ஒருமுறை குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துவிட்டு டன்ஸ்டெட் பக்கம் போய்விடுகின்றன. அவற்றை எந்த வட்டாரத்தில் சேர்ப்பாய்?

உன் அத்தான் பகலெல்லாம் பட்டறையில் மரம் இழைக்கிறார். சுருள் சுருளாகச் சீவல் பறக்க, பக்கத்தில் உட்கார்ந்தாலே தூக்கம் சொக்குகிறது. இப்போதெல்லாம் அவருக்கு ஒரு விளையாட்டு. மாடி நடையில் பித்தளைப் பட்டை வந்ததும் நின்று, கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, ஓடையில் இறங்குவது போல ஒவ்வொரு காலாக எடுத்து வைக்கிறார். நேற்று சாயங்காலம் நான் பின்னாலேயே போனேன். திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பாத்து வாங்க. இந்த எடத்துல தண்ணி கொஞ்சம் ஆழம். நீங்க ஊருக்குப் புதுசு." நானும் பாவாடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிக் கரையேறினேன். தண்ணீர் ஜில்லென்றுகூட இருந்தது, போ.

வட்டார மன்றத்தில் பாலத்துக்கு எட்டுக் கை உறுதி. இன்னும் சில கைகள் பாக்கெட்டுக்குள் இருக்கின்றன, வெளியே எடுக்க வைக்கிறேன்.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

அக்கா

---

சூட்லண்ட்
ஜூலை 8, 2022

அன்புள்ள அக்கா,

இங்கே புழுக்கம் தாங்கவில்லை, மற்றபடி சௌக்கியம். புது வட்டாரங்களை அறிவித்தாயிற்று. கோடையில் வர முடியாது போலிருக்கிறது, மேஜை நிறைய வேலை. கோபித்துக்கொள்ளாதே.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கரடிக்கெல்லாம் இடம் இருக்கிறது, படுக்கைக்கு இல்லை. ஒரு 'ஆமாம்' எழுத உனக்கு என்ன கஷ்டம்?

இன்னொன்று. அத்தான் உன்னை எப்போதிலிருந்து 'வாங்க, போங்க' என்கிறார்? "ஹலி, இங்க வாடி"தானே எப்போதும்? தலைவரம்மா ஆனதும் வீட்டிலும் மரியாதை ஏறிவிட்டதா? கேலியாகத்தான் கேட்கிறேன். ஆனால் எழுதிய பிறகு கேலியாகத் தெரியவில்லை.

தம்பி
காஸிமிர்

---

ஹார்லோ
செப்டம்பர் 25, 2022

தம்பிக்கு,

நலம். இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள்.

சனிக்கிழமை குப்பை கொட்டுகிற இடத்தில் ராய்டன் பிக்ஸ்லியைப் பார்த்தேன். தேர்தலில் என்னிடம் தோற்றவன், நாயோடு விடிகாலையில் எங்கள் ரோட்டில் நடப்பவன். நாலு பேர் பழைய அட்டைப்பெட்டிகளை மடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டான்: "ஹலினா, தெனமும் காலைல உங்க வீட்டு கெழக்கு ரூம்ல லைட் எரியுதே. யாராவது விருந்தாளியா?"

"ஆமா, ஒரு கரடி தங்கியிருக்கு. வந்து பாரேன்," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

"கரடின்னா சரி. நீன்னா, நீ டன்ஸ்டெட்காரி ஆயிடற. டன்ஸ்டெட்காரி ஹார்லோ தலைவரா இருக்க முடியாது. நான் கேக்கறது தப்பா?"

தப்பில்லை. அதுதான் எரிச்சல். திங்கட்கிழமை வாக்காளர் பதிவாளர் பெர்னிஸிடமே கேட்டிருக்கிறான். அவள் என்னைக் கூப்பிட்டு, "நான் என்ன ஒங்க வீட்டுக்கு வந்து போர்வையத் தூக்கியா பாக்கப்போறேன்? எந்தப் பக்கம் தூங்கறேன்னு ஒரு வரி எழுதி கையெழுத்து போட்டுக் குடு. பிப்ரவரி வரைக்கும் டைம் இருக்கு" என்றாள்.

நீயும் கேட்டாய். எழுதுகிறேன்: படுக்கை மேற்கு அறையில்தான் இருக்கிறது. போதுமா?

இலைகள் சிவக்கத் தொடங்கிவிட்டன.

ஹலினா

---

சூட்லண்ட்
அக்டோபர் 6, 2022

அக்கா,

நான் சுகம். நீ சுகமில்லை.

'படுக்கை மேற்கு அறையில் இருக்கிறது' என்று எழுதினாய். அதில் நீ படுத்திருக்கிறாய் என்று எழுதவில்லை. இருபது வருஷமாக ஜனங்களின் பதில்களைப் படித்தே காலம் தள்ளுகிறேன். கேட்டதற்குப் பதில் சொல்லாதவர்களை எனக்குத் தெரியும். அதிலும் நீ சின்ன வயதில், ஜாடியை யார் உடைத்தது என்று அம்மா கேட்டால் 'ஜாடி கீழே கிடக்குது' என்று சொன்னவள்.

பித்தளைப் பட்டை சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று பழைய அளவைகளையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். எங்கேயாவது கோணலாக இருந்து, கிழக்கு அறை ஹார்லோவுக்குள் வந்துவிடாதா என்ற நப்பாசை. இல்லை. அந்த மனிதர் ஒழுங்காக அடித்திருக்கிறார், பாவி.

அத்தானோடு சண்டையா? அவர் ஏதாவது செய்தாரா? சொல், அடுத்த ரயிலில் வருகிறேன்.

காஸிமிர்

---

ஹார்லோ
நவம்பர் 27, 2022

என் தம்பி,

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். நன்றி நாள் விருந்து முடிந்து, எல்டன் மிச்ச வான்கோழியைச் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் தூங்குகிறார். வெளியே மூடுபனி. எழுதிவிடுகிறேன்.

சண்டை இல்லை. தேர்தல் முடிந்து பனிக்காலம் தொடங்கிய சமயம், ஒருநாள் விடிகாலையில் உன் அத்தான் எழுந்து உட்கார்ந்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பயந்துபோன முகம். அப்படியும் மரியாதை குறையவில்லை. "அம்மா, நீங்க ரூம் மாறி வந்துட்டீங்க போல. என் சம்சாரம் இப்ப வந்துருவா. பாத்தா தப்பா நெனைப்பா. தயவுசெஞ்சு எந்திரிங்க."

எழுந்தேன். தலையணையை எடுத்துக்கொண்டு பட்டையைத் தாண்டிக் கிழக்கு அறைக்குப் போனேன். மறுநாளும் அப்படியே. எனக்கு உண்மையாக இருப்பதற்காகத்தான் என்னை வெளியே அனுப்புகிறார், காஸிமிர். அந்த மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது?

பகலில் பெரும்பாலும் என்னைத் தெரிகிறது. பொழுது சாய்ந்தால்தான் கலங்கிவிடுகிறது. டாக்டர் பார்த்தார், நோய்க்கு ஒரு பெயர் சொன்னார், நான் வாயால் சொல்வதில்லை. தொலைபேசி வேண்டாம் என்றதும் அதனால்தான். மணி அடித்தால் ஓடிப்போய் எடுத்து, "என் சம்சாரம் வெளிய போயிருக்கா" என்று சொல்லி வைத்துவிடுகிறார். நான் பக்கத்திலேயே நிற்பேன்.

ஊருக்குச் சொல்லவில்லை. சொன்னால் என்னைப் பார்க்கிற கண்கள் மாறிவிடும். அந்த நாற்காலி எனக்கு வேண்டும். வெட்கமில்லாமல் இதையும் சொல்கிறேன். அந்த மேஜையில் உட்கார்ந்தால்தான் எல்லாருக்கும் என் பெயர் தெரிகிறது. 'ஹலினா என்ன சொல்றாங்க?' என்று கேட்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் பெயர் போய்விடுகிறது.

பெர்னிஸுக்கு ஒரு வரி எழுத வேண்டும். பேனாவை எடுக்கிறேன், வைக்கிறேன். மேற்கு என்று எழுதினால் பொய். கிழக்கு என்று எழுதினால் நாற்காலியும் போகும், அந்தப் படுக்கைக்கு இனி நான் இல்லை என்று நானே கையெழுத்துப் போட்டதாகவும் ஆகும். இதில் எதை எழுதட்டும்?

உன் அக்கா

---

சூட்லண்ட்
டிசம்பர் 4, 2022

என் அக்கா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மறுநாளே மேலதிகாரியிடம் போய் மார்ச் முழுக்க விடுப்புக் கேட்டேன். கொடுத்துவிட்டார். இந்த முறை 'வருகிறேன்' என்பது உன் 'படுக்கை இருக்கிறது' மாதிரி இல்லை.

பெர்னிஸ் விஷயத்தில் ஒரு யோசனை. சட்டம் தலை எங்கே சாய்கிறது என்றுதான் பார்க்கிறது. பித்தளைப் பட்டைக்கு மேற்கே, அத்தானின் அறைக்கு வெளியே, நடையில் ஒரு மடக்குக் கட்டில் போட்டுக்கொள். அது ஹார்லோதான். அத்தானும் பயப்படமாட்டார், நீயும் பொய் சொல்ல வேண்டாம், ராய்டன் பிக்ஸ்லிக்கும் வாயடைக்கும்.

உன் வீட்டுக்கு மட்டும் புள்ளி வைக்காமல் வரைபடத்தை மூடிவைத்திருக்கிறேன். காத்திருக்கட்டும். அறுபது வருஷம் செத்த மாவட்டத்துக்கே கணக்கு எழுதியவர்கள் நாங்கள்.

தம்பி

---

டன்ஸ்டெட், கனெக்டிகட்
பிப்ரவரி 5, 2023

அன்புள்ள தம்பி காஸிமிர்,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்துத் திடுக்கிடாதே. நான் சுகம், அவரும் சுகம். வரும்போது கனமான காலுறை கொண்டு வா, இந்த வருஷம் குளிர் எலும்பைத் தொடுகிறது.

வெள்ளிக்கிழமை ராஜினாமாவைக் கொடுத்துவிட்டேன். பெர்னிஸ் மேஜையில் வைத்து எழுதினேன்: 'நான் தலை சாய்ப்பது டன்ஸ்டெட்டில்.' எல்டனைப் பற்றியும் சொன்னேன், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே எல்லாம் கேட்டபடி ராய்டன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். "எனக்கு விஷயம் தெரியாது ஹலினா. தெரிஞ்சிருந்தா கேட்டிருக்க மாட்டேன்" என்றான். "தெரியக் கூடாதுன்னுதானே சொல்லல. அடுத்த தலைவர் நீதானே, பாலத்தக் கட்டி முடி. மன்றத்துல போன மாசமே எல்லாக் கையும் வாங்கிட்டேன். நீ சொதப்பினா டன்ஸ்டெட்லேர்ந்து வந்து ஒதைப்பேன்" என்றேன். வண்டியில் ஏறிய பிறகு நன்றாக அழுதேன். நாற்காலிக்காகத்தான் அழுதேன். பெரிய மனசெல்லாம் எனக்கு இல்லை.

ஏன் என்று கேட்பாய். முதலில் உன் கட்டில். நடையில் போட்டுப் படுத்தேன். எல்டன் கதவைத் திறந்து பார்த்தார், வாசலில் யாரோ ஒரு பெண். பாவம், விடியும்வரை கையில் ஒரு செருப்பைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் காவல் இருந்திருக்கிறார். மறுநாளே மடித்துவிட்டேன்.

அப்புறம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். நம் போலந்து வழக்கப்படி பியரோகிக் கொழுக்கட்டை செய்து, எதிர்பாராமல் வருகிறவருக்காக ஒரு தட்டு அதிகம் வைத்திருந்தேன். எல்டன் சீவிச் சிங்காரித்து வந்து எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். என் இடத்தில் இல்லை, அந்தத் தட்டுக்கு முன்னால். "உக்காருங்க. யார் வந்தாலும் சாப்பிடட்டும்னு என் சம்சாரம் வருஷா வருஷம் வைக்கற தட்டு இது. நல்லவேளை, இந்த வருஷம் நீங்க வந்தீங்க." அம்மா இருந்த காலத்திலிருந்து அந்தத் தட்டை வைக்கிறேன், ஒருவரும் வந்ததில்லை. நானே வந்து உட்கார்ந்து சாப்பிட்டேன். பியரோகி நன்றாகத்தான் இருந்தது.

போன வாரம் கண்ணாடிப் பனி பெய்தது. கிளைகள் முறிந்து கம்பியில் விழுந்து, மின்சாரம் போய்விட்டது. மேற்கு அறை ஐஸ் பெட்டி. கிழக்கு அறைக்குக் கீழே சமையலறை அடுப்பு, தரையில் பதித்த கம்பித் தட்டி வழியாகச் சூடு மேலே வருகிறது. எல்டனை வரச் சொன்னேன். "நான் அங்க வந்துட்டா, என் சம்சாரம் வந்து தேடுவாளே" என்று மறுத்துவிட்டார். இருக்கிற கம்பளியெல்லாம் போர்த்திவிட்டு வந்து படுத்தேன். ஜன்னலுக்கு வெளியே உலகமே கண்ணாடியாக நின்றது. காற்றடித்தால் மரங்கள் டீக்கோப்பைகள் மாதிரி கிணுகிணுத்தன. தூங்கினேனா, கண் திறந்தே கிடந்தேனா, தெரியாது.

வெளுக்கிற நேரத்தில் நடையில் சத்தம். வந்துகொண்டிருந்தார். பைஜாமாவை முழங்கால்வரை சுருட்டி, தலையணையை நனையாமல் தலைமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பித்தளைப் பட்டைக்கு முன்னால் நின்றார். ஆழம் பார்த்தார். பிறகு ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து இந்தக் கரைக்கு ஏறினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அசைந்தால் பயந்துவிடுவாரோ என்று.

காலையில் மறுபடியும் 'நீங்க, வாங்க'தான், அதை மறைக்கவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து தினமும் வருகிறார். மேற்கு என்று ஒரு வரி எழுதியிருந்தால் நாற்காலி எனக்கே இருந்திருக்கும். அதை எழுத முடியவில்லை. நான் ஹார்லோ என்று எழுதி, அவ்வளவு தூரம் தண்ணீரில் நடந்து வருகிற மனிதரை இன்னொரு ஊர்க்காரர் ஆக்குவதா?

உன் புள்ளியை வைத்துவிடு. நாகடக் பள்ளத்தாக்கு வட்டாரம், டன்ஸ்டெட், ஒரே குடும்பம், இரண்டு பேர். மேற்கு அறை காலியாக இருக்கிறது, உனக்குத்தான். ஒரு மாதம் அங்கே படுத்தால் நீ ஹார்லோக்காரன். ஜாக்கிரதை, தேர்தலில் நிற்க வைத்துவிடுவார்கள்.

அன்று வந்து என்ன சொன்னார் என்று எழுதாமல் முடிக்கிறேனே. கட்டிலோரம் நின்று என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கால் பனிக்கட்டியாக இருந்திருக்கும். என் பெயரைச் சொல்லவில்லை. தலையணையை என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கல்யாணமான நாளிலிருந்து சொல்கிற அதே அலுப்போடு சொன்னார்:

"தள்ளிப் படுடி. எடமெல்லாம் நீயே எடுத்துக்கற."

உன் அக்கா
ஹலினா